எல்லோர் அழுகையையும் கேட்பவள் ஏன் பேப்பரைக் கோட்டை விடுகிறாள்?

கேள்வி: பிப்ரவரி 4, மாலை

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். காதல் முறிவு, வீட்டுச் சண்டை, கைடு திட்டியது, எல்லாவற்றுக்கும் என் கட்டில்தான். நானும் கூடவே அழுதுவிடுவேன். போன செமஸ்டரில் எனக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. தூக்கமும் சரியில்லை. என் கட்சி இதுதான்: இளகிய மனசுள்ள மாணவர்கள்தான் முதலில் உடைகிறார்கள், தன் வேலையை மட்டும் பார்ப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறதா? ஒத்துணர்வை, அதாவது எம்பதியை, குறைத்துக்கொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.50

பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒத்துணர்வு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை உளவியலில் பிரித்து அளக்கிறார்கள். மாணவர்களிடம் அதிகம் கொடுக்கப்படும் கேள்வித்தாள் அமெரிக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980இல் வெளியிட்டது. 28 வாக்கியங்கள், நான்கு பிரிவு, பிரிவுக்கு ஏழு. எதிராளி நிலையில் நின்று பார்ப்பது ஒன்று. அவர்மேல் அக்கறை கொள்வது இன்னொன்று. கதை, சினிமா பாத்திரங்களோடு கலந்துபோவது மூன்றாவது. நான்காவது, அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நமக்கே கைகால் உதறுவது. இதைத் தன்பதற்றம் என்று வைத்துக்கொள்கிறேன். யாராவது நல்ல சொல்லாகக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்லும் உடைதல் பெரும்பாலும் இந்த நான்காவதோடு ஒட்டி வருவது. டேவிஸ் 1983இல் எழுதிய கட்டுரையிலேயே, தன்பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குத் தன்மதிப்பு குறைவு, கூச்சமும் நாலு பேர் நடுவில் வரும் பயமும் கூடுதல். எதிராளி நிலையில் நின்று பார்க்கத் தெரிந்தவர்களிடம் தன்மதிப்பு கூடுதலாகத்தான் இருந்தது. ஆகவே மொத்தமாகக் குறைக்கப் போனால் நல்லதும் சேர்ந்து போய்விடும்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இதே தாளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதலாண்டுப் பெண் ஒருத்தி நிரப்பி முடித்துவிட்டு, பேனாவைக்கூட மூடாமல் கேட்டாள்: "அக்கா, இதில் எவ்வளவு எடுத்தால் பாஸ்?"

பிப்ரவரி 5, காலை 7.15

அவளுக்குச் சொன்ன பதிலை நேற்று எழுத விட்டுப்போயிற்று. பாஸ் மார்க் கிடையாது. நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடுவதே தப்பு. அக்கறை ஒரு பக்கமும் பதற்றம் ஒரு பக்கமும் இழுக்கும்போது கூட்டி வருவதற்கு என்ன பொருள்? அப்படிக் கூட்டிப் போட்ட ஆய்வேடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். என்னுடையதன் முதல் வரைவும் அதில் சேர்த்தி.

பிப்ரவரி 5, இரவு 11.30

சரி, என் கதை.

கேள்வி கேட்டவரின் கட்டில் எனக்கு நன்றாகத் தெரியும். என் விடுதி அறையில் அது தரை, அவ்வளவுதான் வித்தியாசம். அறைத்தோழி கட்டில் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். கையில் போன். திரையில் அவளுடைய கைடு அனுப்பிய மெயில். இரண்டே வாக்கியம். "அத்தியாயம் கிடைத்தது. பார்க்கலாம்."

"பார்க்கிறேன்னு எழுதலையேடி. பார்க்கலாம்னு எழுதியிருக்காரே. என்ன அர்த்தம் இதுக்கு?"

அந்த ஒரு 'லாம்' போதுமாக இருந்தது எங்களுக்கு. இரவு பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை பேசினோம். பழைய மெயில்களைத் தோண்டியெடுத்து எங்கெல்லாம் 'லாம்' வந்திருக்கிறது என்று பார்த்தோம். (இந்த உழைப்பை எந்தப் பாடத்தில் போட்டிருந்தாலும் தேறியிருப்போம்.) அவர் கோபமாக இருக்கிறாரா, அத்தியாயம் அவ்வளவு மோசமா, வேறு கைடுக்கு மாற்றிவிடுவாரா, மாற்றினால் வருடம் போய்விடுமா, வருடம் போனால் வீட்டில் என்ன சொல்வது. மறுநாளும் அதே தரை, அதே மெயில். மூன்றாம் நாள் அவளுக்குத் தலைவலி, எனக்கு நெஞ்சு படபடப்பு. ஆனால் எங்களுக்குள் நெருக்கம் மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது. இவளைப்போல் என்னைப் புரிந்துகொண்டவள் உண்டா என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அதை ஒத்துணர்வு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். அமாண்டா ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் சேர்ந்து அசைபோடுதல். ஒரே பிரச்சினையை இரண்டு பேர் மறுபடி மறுபடி புரட்டுவது, காரணம் தேடித் தேடிப் போவது, இன்னும் என்னென்ன கெடலாம் என்று கணக்குப் போடுவது. அவர் பார்த்தது பள்ளிப் பிள்ளைகளை. அப்படிப் பேசிக்கொள்பவர்களின் நட்பு நெருக்கமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும்கூட அதிகமாக இருந்தன. 2007இல் வந்த தொடர் ஆய்வில் பெண்பிள்ளைகளுக்கு நாளடைவில் இவை எல்லாமே கூடின. பையன்களுக்கு நட்பு மட்டும் கூடியது. பையன்கள் எப்போதும் தப்பித்துவிடுகிறார்கள்.

அந்த மெயிலின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கைடு வெளியூர் கிளம்பும் அவசரத்தில் போனில் தட்டியது. நான்காம் நாள் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பிவிட்டார். எழுத்துப்பிழை நிறைய இருந்ததாம். இருக்காதா பின்னே.

பிப்ரவரி 6, மதியம்

தமிழில் அசைபோடுவது இனிமையான காரியமாயிற்றே, பழைய நினைவுகளைத்தானே அசைபோடுவோம் என்கிறார் இதைப் படித்த ஒருவர். ஆமாம். ருமினேஷன் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மாட்டிடமிருந்து வந்ததுதான், ஆனால் உளவியலில் அது நோய்க்குப் பக்கத்தில் போய்விட்டது. மாட்டுக்காவது அசைபோட்டால் செரிக்கும்.

பிப்ரவரி 7, இரவு 9.40

"பேசினால் பாரம் குறையும் என்றுதானே சொல்வார்கள்?" என்று இன்னொருவர். குறையும். எத்தனை தடவை அதே இடத்துக்குத் திரும்பி வருகிறோம் என்பதைப் பொறுத்தது.

உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருந்தார். இப்போது மனம் எப்படி இருக்கிறது, சோர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்பது மாதிரி. சரியாக 14 நாள் கழித்து, 1989 அக்டோபர் 17, கலிபோர்னியாவை உலுக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கம். எந்த ஆராய்ச்சியாளரும் விண்ணப்பம் போட்டு வாங்க முடியாத சோதனை. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களிடம் திரும்பப் போனார். தன் சோர்வையே சுற்றிச் சுற்றி யோசிக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள் ஏழு வாரம் கழித்தும் கூடுதல் சோர்வோடு இருந்தார்கள், நிலநடுக்கத்துக்கு முந்தைய சோர்வைக் கழித்துப் பார்த்தபோதும்.

இதைப் படித்த அன்று நான் அறைத்தோழிக்குச் செய்து கொடுத்த உதவி என்ன என்று யோசித்தேன். தனியாக அசைபோட்டிருந்தால் பன்னிரண்டு மணிக்கே அவளுக்கு அலுத்துத் தூக்கம் வந்திருக்கும். நான்தான் ஒன்றரை வரை தீனி போட்டேன்.

பிப்ரவரி 8, இரவு 10.20

கேள்வி கேட்டவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "அப்படியானால் அழுகிறவளிடம் பேச்சை மாற்றச் சொல்கிறீர்களா?"

சில நேரம், ஆமாம். எந்த நேரம் என்பதுதான் கேள்வி.

சமாளிப்பு, அதாவது நெருக்கடியை எதிர்கொள்ளும் விதம் பற்றிப் பேசும் யாரும் உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் எழுதிய புத்தகத்தைத் தொடாமல் போவதில்லை. பிரச்சினையையே சரிசெய்யப் பார்ப்பது ஒரு வகை, பிரச்சினை கிளப்பும் உணர்ச்சியைச் சரிசெய்யப் பார்ப்பது ஒரு வகை. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது முதலாவது நல்ல பிள்ளை, இரண்டாவது சோம்பேறி என்கிற மாதிரி ஒரு வாசனை வந்துவிடும். நானே அப்படித்தான் பாடம் எடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டே, 1985இல், அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களை ஒரு தேர்வுக்கு முன்னும், எழுதி முடித்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும்போதும், மதிப்பெண் வந்த பிறகும் கேட்டார்கள். தேர்வுக்கு முன் திட்டம் போடுவது, படிப்பது அதிகம். காத்திருக்கும் நாட்களில் அது இறங்கி, விலகி இருப்பது ஏறியது: அதைப் பற்றி நினைக்காமலிருப்பது, ஒன்றுமில்லை என்று தள்ளுவது. செய்ய எதுவும் இல்லாதபோது விலகி இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இது தெரியாமல், ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் நான் ஒரு மணி நேரம் செயல்திட்டம் போடுவது எப்படி என்று விளக்கியிருக்கிறேன். தாளில் கட்டம் கூடக் கட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, விடைத்தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் இப்போது என்ன திட்டம் போடுவது?" என்றாள். கட்டம் கட்டிய தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

பிப்ரவரி 9, காலை

"தேர்வுக்கு முந்தின இரவு தொடர் பார்ப்பதும் சமாளிப்புதானே?" என்று ஒருவர் ஆவலாகக் கேட்கிறார். இல்லை ஐயா. விடைத்தாளைக் கொடுத்த பிறகு விலகி இருக்கலாம். உங்களுக்கு இன்னும் வினாத்தாளே வரவில்லை.

பிப்ரவரி 9, இரவு

மேலே சமாளிப்பை இரண்டே வகையாகச் சொன்னது கொஞ்சம் முரட்டுத்தனம். சார்ல்ஸ் கார்வர் 1997இல் சுருக்கிய சமாளிப்புக் கேள்வித்தாளில் 14 வகை இருக்கிறது, வகைக்கு இரண்டே வாக்கியம். நகைச்சுவை, வழிபாடு, கொட்டித் தீர்ப்பது, ஏற்றுக்கொள்வது, கைவிட்டுவிடுவது, தன்னையே குற்றம் சொல்வது எல்லாம் உண்டு. கடைசியில் சொன்னதை நிரப்பும்போது மாணவர்கள் பேனா நிற்காது. "தப்பு என்மேல்தான்" என்கிற வாக்கியத்துக்கு யோசிக்காமல் உச்ச எண்ணைப் போட்டுவிட்டு, "யாரிடமாவது உதவி கேட்டேன்" என்பதில் வந்து தயங்கித் தயங்கி நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, இரவு 8.30

ஒத்துணர்வு புதுச்சொல்தானே, பழைய தமிழில் என்ன என்று கேட்டவருக்கு. எம்பதி என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் நூற்றுச் சொச்சம் வயதுதான். 1909இல் டிச்சனர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லைப் பார்த்துச் செய்தது. நம்மிடம் இருந்த பழைய சொல் கண்ணோட்டம். இன்றைக்கு 'என் கண்ணோட்டத்தில்' என்றால் என் பார்வையில் என்றுதான் பொருள். முன்பு அது இரக்கம். கண் ஓடிப்போய் எதிராளிமேல் நிற்பது. டேவிஸ் தனித்தனிப் பிரிவாக வைத்த பார்வை, அக்கறை இரண்டையும் இந்த ஒரே சொல் வேறு வேறு காலத்தில் தாங்கியிருக்கிறது. இப்போது ஓட்டம் நின்று, கண் நம் பக்கமே திரும்பிவிட்டது.

அனுதாபம் ஆகாதா என்றால், அது தேர்தல் அலையோடு போய்விட்டது.

பிப்ரவரி 11, பின்னிரவு

கண்ணோட்டம் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, பழைய ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

உளவியலாளர் டேனியல் பேட்சனும் வேறு இருவரும் 1997இல் வெளியிட்ட சோதனை. துயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் வானொலிப் பேட்டியை மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். சிலரிடம், அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேளுங்கள் என்றார்கள். சிலரிடம், அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேளுங்கள் என்றார்கள். மூன்றாவது குழு ஒட்டாமல் கேட்டது. முதல் இரண்டு குழுவுக்கும் அவள்மேல் அக்கறை வந்தது. தன்னை அங்கே வைத்துப் பார்த்தவர்களுக்கு அதோடு சேர்ந்து பதற்றமும் வந்தது.

எனக்கு ஞாபகம் வந்தது இது. வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். நான், "என் அப்பாவாக இருந்தால் நான் செத்தே போயிருப்பேன்டா" என்றேன். நெஞ்சார வந்த வார்த்தை. கண்ணில் தண்ணீர் வேறு. அவன் சட்டென்று பேச்சை நிறுத்தி என் முதுகைத் தட்டினான். "ஒண்ணும் ஆகாது, விடு" என்று என்னைச் சமாதானப்படுத்தினான்! அவன் அப்பா ஆஸ்பத்திரியில், ஆறுதல் எனக்கு.

கூடவே அழுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. அழும்போது கண் யார்மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13, மாலை

"இந்தத் தலைமுறைக்கு இரக்கமே இல்லை, ஆய்வே இருக்கிறது" என்று ஒருவர் சுட்டி அனுப்பியிருக்கிறார். தெரியும். சாரா கோன்ராத் குழு 2011இல் வெளியிட்டது. 1979 முதல் 2009 வரை டேவிஸ் தாளை நிரப்பிய அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 72 மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அக்கறையும் எதிராளி நிலையில் நின்று பார்ப்பதும் இறங்கியிருந்தன, 2000க்குப் பிறகு இன்னும் வேகமாக. இதை வைத்து எத்தனை மேடையில் தலையை ஆட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. செல்போனைக் குறை சொல்ல இதைவிட வசதியான ஸ்லைடு கிடையாது.

அதே கோன்ராத் 2018 வரையிலான தரவோடு திரும்ப வந்தார். 2008க்குப் பிறகு ஏறியிருக்கிறது, கிட்டத்தட்ட பழைய உயரத்துக்கு. செல்போன் உச்சத்துக்குப் போன அதே காலத்தில்! ஸ்லைடை அழித்துவிட்டேன். அழிக்கும்போது, நான் கேவலப்படுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் அந்த அரங்குகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துக் கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 14, இரவு 10.00

கேள்வியின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். "தன் வேலையை மட்டும் பார்ப்பவர்கள்." அவர்கள் மனசு கல் என்று எப்படித் தெரியும்? ஓடிக்கொண்டிருப்பவர்களாக இருக்கலாம்.

டார்லியும் பேட்சனும் (மேலே சொன்ன அதே பேட்சன்) 1973இல் வெளியிட்ட சோதனை. பிரின்ஸ்டனில் சமயப் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு கிடந்து இருமுவார், அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள். சரியான நேரம் என்று அனுப்பப்பட்டவர்களில் 45. தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10. சிலர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல மனிதன் கதையைப் பற்றி. அவர்களிலும் சிலர் தாண்டிப் போனார்கள்.

40 பேரை வைத்து உலகத்தை எடைபோட முடியாதுதான். ஆனால் ஆய்வேட்டைக் கொடுக்கிற கடைசி நாள் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். கையில் பைண்டிங் செய்த மூன்று பிரதி, பசை வாசனை இன்னும் போகவில்லை. மாடிப்படி திருப்பத்தில் ஜூனியர் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். தோளைத் தொட்டேன், "வந்துவிடுகிறேன்" என்றேன். வரவில்லை. என் கேள்வித்தாளை அவளும் நிரப்பியிருப்பாள். நானே நிரப்பியிருந்தால் அக்கறைப் பிரிவில் முழு மதிப்பெண் எடுத்திருப்பேன்.

பிப்ரவரி 15, காலை

மருத்துவ மாணவர் ஒருவர், "நாங்கள் எல்லா வருடமும் ஓட்டம்தான்" என்கிறார். ஹோஜாத் குழு 2009இல் எழுதிய கட்டுரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவ மாணவர்களின் ஒத்துணர்வு மதிப்பெண் சரிவது மூன்றாம் ஆண்டில், அதாவது நோயாளிகளை நேரில் பார்க்கத் தொடங்கும் ஆண்டில். இதற்குமேல் சொல்ல நான் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை.

பிப்ரவரி 17, இரவு 11.55

அறைத்தோழி போன் செய்தாள். இதையெல்லாம் படித்துவிட்டாள். 'லாம்' கதையை ஊருக்கே சொல்லிவிட்டாய் என்று கொஞ்சம் திட்டினாள். அப்புறம் சொன்னது:

"அந்த ராத்திரியெல்லாம் நாம என்ன பேசினோம்னே எனக்கு ஞாபகம் இல்லடி. அபராதத்தோட ஃபாரம் கட்டக் கடைசி நாள், நான் எழுந்திரிக்கவே இல்ல. நீ போய்க் கட்டிட்டு வந்து ரசீதை என் நோட்டுக்குள்ள வெச்சிருந்த. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பார்த்தேன். அதுதான் ஞாபகம் இருக்கு."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது பேசிய இரவுகளை.

போனை வைத்த பிறகு நியால் போல்ஜர் குழுவின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரை நினைவுக்கு வந்தது. வக்கீல் தேர்வுக்குப் படிப்பவரும் அவருடைய துணையும் தினமும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினார்கள். நான் இன்று ஆறுதலாக இருந்தேன் என்று துணை எழுத, தேர்வு எழுதுபவரோ இன்று எனக்கு ஆறுதல் கிடைத்ததாக எழுதாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் மனம் நன்றாக இருந்தது. கிடைத்த உதவி கண்ணில் பட்ட நாட்களில் சோர்வு கூடியிருந்தது. உதவி வாங்குகிறோம் என்ற நினைப்பே, நம்மால் முடியவில்லை என்று காதில் ஓதும் போலிருக்கிறது.

ரசீதை நான் நோட்டுக்குள் வைத்தது இதெல்லாம் தெரிந்து அல்ல. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்று வைத்திருப்பேன்.

பிப்ரவரி 18, காலை 6.30

விலகி இருப்பது, கண்ணில் படாத உதவி என்றெல்லாம் எழுதியதை யாரும் ஒரு இடத்தில் மட்டும் பயன்படுத்திவிடக் கூடாது. அழுகிறவர் வாயில் சாவு பற்றிய பேச்சு வந்தால், அல்லது வராமலேயே உங்களுக்குச் சந்தேகம் தட்டினால், நேரடியாகக் கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாலும் அதை மீறுங்கள். வார்டன், கவுன்சிலர், வீட்டார், அவசர உதவி எண், யார் முதலில் கிடைக்கிறார்களோ அவர்களிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இரண்டு இருபது வயதுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து தூக்கிச் சுமக்கிற பாரம் இல்லை இது.

பிப்ரவரி 22, இரவு 9.10

கேள்வி கேட்டவர்: "கட்டுரையெல்லாம் சரி அக்கா. இன்று ராத்திரி கதவு தட்டினால் நான் என்ன செய்ய?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் தப்பிக்க முடியாது.

முதலில் உங்கள் பழைய கேள்விக்குக் கடன் தீர்த்துவிடுகிறேன். குறைக்க வேண்டாம், திசை மாற்றலாம் என்று காட்டிய ஆய்வு இருக்கிறது. ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் குழு 2014இல் வெளியிட்டது. துன்பப்படுகிறவர்களின் வீடியோக்களைக் காட்டி, முதலில் அந்த வலியோடு ஒன்றிப்போகப் பயிற்சி கொடுத்தார்கள். பார்த்தவர்களின் மனக்கலக்கம் கூடியது. பிறகு அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி, அதாவது அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும் பயிற்சி. கலக்கம் பழைய நிலைக்கு இறங்கியது, வீடியோவில் இருப்பது அதே துன்பமாக இருந்தும் இதமான உணர்வு கூடியது. ஆய்வுக்கூடத்தில் நடந்தது விடுதியில் நடக்குமா என்பது வேறு.

நான் செய்வது இது. யாராவது உட்கார்ந்து ஆரம்பித்த உடனே கேட்டுவிடுவேன்: "கேட்டால் போதுமா, சேர்ந்து யோசிக்கணுமா?" முதல் தடவை அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் பாதிப் பேர், கேட்டால் போதும் என்று சொல்லி இருபது நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். அதே கதை மூன்றாம் முறை வந்தால், "போன தடவை இதுக்கு என்ன செய்யலாம்னு சொன்னோம்?" என்று மட்டும் கேட்பேன். பரீட்சை வாரம் என்றால், "எனக்கு நாளைக்குப் பேப்பர், பத்து மணி வரைக்கும் இருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். முன்பு இதைச் சொல்லாமல், கேட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்ப்பேன். அது எதிராளிக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு உங்களுக்குள் தங்குவதற்கு எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். பென்னிபேக்கரும் பீலும் 1986இல் மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை அறுப்பதைப் பற்றி எழுத வைத்தார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு உடனடியாக மனம் கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மாணவர் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் இருக்கிறது, ஆனால் சின்னது. நான் முயன்றேன். முதல் நாள் இரண்டு பக்கம், கையெழுத்தே கோணிப்போயிற்று. இரண்டாம் நாள் ஒரு பக்கம். மூன்றாம் நாள் என் நோட்டில் இருப்பது: "துணி ஊற வைத்தேன், அலச மறந்துவிட்டேன்." நான்காம் நாள் எழுதவில்லை. துணியை அலசினேன்.

பிப்ரவரி 23, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. "நன்றாக இருக்கிறார்கள்" என்று நீங்கள் சொன்னது பேப்பர் போகாததை வைத்துத்தானே? கரோல் ரிஃப் 1989இல் உளநலத்தை ஆறாகப் பிரித்தார்: தன்னை ஏற்பது, நல்ல உறவுகள், சுயமாக முடிவெடுப்பது, சூழலைக் கையாள்வது, வாழ்வில் ஒரு நோக்கம், வளர்ச்சி. சூழலைக் கையாள்வதில் போன செமஸ்டர் உங்களுக்கு அடி. உறவுகளில் அந்த வேலை-உண்டு-தானுண்டு ஆட்களைவிட நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள். அவர்கள் கதவு ராத்திரி பதினோரு மணிக்கு மூடியே இருப்பது நிம்மதியாலா, தட்ட ஆள் இல்லாததாலா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மார்ச் 3, இரவு 10.40

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். முதல் ஆளிடம், "கேட்டால் போதுமா?" என்று கேட்டதற்கு, "உனக்கு என்ன ஆச்சு, கவுன்சிலர் மாதிரி பேசுற?" என்று சிரித்துவிட்டாளாம். இரண்டாவது ஆள், சேர்ந்து யோசிக்கணும் என்று சொல்லி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாளாம். போன பேப்பரை மறுபடி எழுத விண்ணப்பித்துவிட்டார். பத்து மணி என்று சொன்னது பதினொன்றரை ஆகிவிட்டதாம். ஆகும்.

எனக்கும் இப்போதுதான் அறைத்தோழியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. 17 நிமிடம். அதற்குக் கீழே ஒரு வரி தட்டியிருக்கிறாள்: "கேட்டால் போதும், யோசிக்க வேண்டாம்." கேட்டுவிட்டு வருகிறேன்.